கிராபிக்ஸ் கார்டு கடைசியில்

சவூதியின் ஜுபைலில் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ரூம் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். டவுன் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இன்னும் இரண்டு வோல்டேஜ் ஓடுகிறது. ஏசிக்கு 220. மற்ற பாயிண்ட்டை எல்லாரும் 110 என்பார்கள், மீட்டர் வைத்தால் 127-ஐ ஒட்டிக் காட்டும். வீடுகளுக்கு 230 வோல்ட் என்று சவூதி அரசு 2010-லேயே முடிவெடுத்துவிட்டது. புதுக் கட்டடங்களில் அது வந்தாயிற்று. நம்மவர்கள் வாடகைக்கு எடுக்கும் கட்டடங்கள் பெரும்பாலும் புதுசு இல்லை.

பெட்ரோகெமிக்கல் பிளாண்ட்டில் நான் எலக்ட்ரிக்கல் ஆள். அதனால்தானோ என்னவோ, எங்கள் வில்லாவில் யார் கம்ப்யூட்டர் கட்டுவதாக இருந்தாலும் பார்ட்ஸ் லிஸ்ட் வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு முன்னால் என்னிடம் வந்துவிடும். லிஸ்ட்டின் தலையில் கிராபிக்ஸ் கார்டு. வாலில், மிச்சம் இருக்கிற காசுக்கு ஏதோ ஒரு எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பவர் சப்ளை. நான் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி, கீழேயிருந்து படிப்பேன். "அண்ணே, கார்டைச் சொல்லுங்கண்ணே" என்று கும்பகோணத்துத் தம்பி ஒருவன் கெஞ்சியே விட்டான்.

எஸ்.எம்.பி.எஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 'இன்புட்' என்ற வரியைப் படிக்க வேண்டும். 100 முதல் 240 வரை என்று இருந்தால் நிம்மதி. ஜுபைல் 127-லும் ஓடும், ஊருக்குப் போனால் 230-லும் ஓடும். இங்கே 60 ஹெர்ட்ஸ், அங்கே 50 என்பதைப் பற்றி அது கவலைப்படாது. விலை குறைந்த சில மாடல்களில் 200 முதல் 240 என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதை 127 பாயிண்ட்டில் சொருகினால் ஒன்று ஆன் ஆகாது, இல்லையென்றால் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் அணையும். நல்ல சப்ளை என்றாலும் வாய்ப்பு இருந்தால் 220 பாயிண்ட்டிலேயே போடச் சொல்வேன். 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 220-ல் சுமார் 2.3 ஆம்பியர் எடுக்கும், 127-ல் கிட்டத்தட்ட 4. பழைய வயர், பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலேயே ரைஸ் குக்கரும் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதே ஸ்டிக்கரிலோ டப்பாவிலோ இன்னொரு விவரம் இருக்கும்: முழு லோடு எத்தனை டிகிரி வரை தரும் என்பது. சில கம்பெனிகள் 40 என்று போடும், சில 50. ஜூலை மாதம் ஏசியை அணைத்துவிட்டு டியூட்டிக்குப் போன ரூம் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று ஜுபைல்காரனுக்குச் சொல்ல வேண்டாம். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன். சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 105 டிகிரி கெப்பாசிட்டர் போட்ட, 80 பிளஸ் கோல்டு முத்திரை உள்ள 650 வாட் சப்ளை ஒன்று நடுத்தர கேமிங் மெஷினுக்குத் தாராளம். 1000 வாட் கேட்பவர்கள் பெரும்பாலும் கார்டு வாங்குவதற்கு முன்பே கனவு காண்பவர்கள்.

அடுத்தது கேபினெட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே வானவில் விளக்கு எரியும் பெட்டிகள் பார்க்க அழகுதான். காற்று எங்கிருந்து வரும்? முன்னால் வலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், இந்த இரண்டும் இல்லாத பெட்டியை நான் தொடுவதில்லை. பிளாண்ட்டில் கேஸ் கசியக்கூடிய இடங்களில் சில கன்ட்ரோல் பேனல்களுக்குள் சுத்தமான காற்றைச் செலுத்தி, உள்ளழுத்தத்தை வெளியைவிடக் கொஞ்சம் கூட வைத்திருப்போம். இடுக்கு வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர, எதுவும் உள்ளே வராது. கேபினெட்டிலும் அதே வேலைதான். முன்னால் ஃபில்டரோடு மூன்று ஃபேன் உள்ளே தள்ளட்டும், பின்னால் ஒன்று வெளியே இழுக்கட்டும். புழுதியைக் கிளப்பும் ஷமால் காற்று அடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் மேஜையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் புழுதி ஃபில்டரில் நிற்க வேண்டும், கார்டின் ஃபின்னுக்குள் போகக்கூடாது.

புழுதியைவிட மோசமான ஆசாமி ஒருவர் இருக்கிறார்: நம் சமையல். அடுப்படியை ஒட்டிய ஹாலில் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஃபேன் இறக்கைகளின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு பட்டை. தாளிப்பு எண்ணெய்ப் புகையும் பாலைவனத் தூசியும் சேர்ந்து பிசினாகியிருந்தன. ஊதினால் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தோம். மீன் குழம்பு வாசனை கடைசிவரை போகவில்லை.

கூலரில் எனக்கு வாட்டர் கூலிங் மோகம் கிடையாது. ஏர் ஆனாலும் வாட்டர் ஆனாலும் கூலர் ரூம் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. ரூம் 24 டிகிரியில் இருக்கும்போது சிப் 70 என்றால், ரூம் 38 ஆனதும் அதே வேலைக்கு அது 84-ஐத் தொடும். அதனால் கூலருக்குக் கொட்டும் காசைவிட கம்ப்யூட்டர் ஏசி ரூமில் இருக்கிறதா என்பது முக்கியம். இரண்டு ஃபேன் வைத்த டவர் ஏர் கூலர் போதும். பம்ப் இல்லை, தண்ணீர் இல்லை, கெட்டால் ஒரு ஃபேனை மாற்றினால் முடிந்தது.

பிராசஸருக்கும் இதே புத்திதான். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7600-க்கு 6 கோர், 65 வாட். ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையாவது ஆதரிப்போம் என்று கம்பெனியே சொல்லியிருப்பதால், பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் மாதிரி வேகமான கேம்களே உயிர் என்றால் 7800 எக்ஸ் 3டி. அதன் 96 எம்.பி. எல்3 கேஷ் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். செகண்ட் ஹேண்டில் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பெரிய சிப்கள் மலிவாகக் கிடைக்கும், எக்ஸிட்டில் ஊர் திரும்புகிறவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அந்தச் சிப்கள் சில நிலைகுலைவதை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, வாரண்டியை 2 வருடம் நீட்டித்தது. பயாஸ் அப்டேட் போட்டதா, முன்பு எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாமல் அதை வாங்க வேண்டாம்.

ஒருவழியாகக் கார்டு. ரியாலை டாலருக்கு 3.75 என்று 1986-லிருந்து கட்டிவைத்திருப்பதால் விலை சரியா என்று பார்ப்பது இங்கே சுலபம். அமெரிக்க அறிவிப்பு விலையை 3.75-ஆல் பெருக்கி, 2020 ஜூலையிலிருந்து இருக்கும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியைச் சேர்க்க வேண்டும். 2025 அறிவிப்பு விலைகளின்படி, 299 டாலர் ஆர்.டி.எக்ஸ் 5060 சுமார் 1,290 ரியால். 16 ஜி.பி. மெமரியோடு 349 டாலருக்கு வந்த ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி. சுமார் 1,505. 429 டாலர் 5060 டி.ஐ. 16 ஜி.பி. சுமார் 1,850. கடைக்காரர் சொல்வது இதைவிட 100, 150 ரியால் கூட என்றால் வாங்கலாம், 500 கூட என்றால் தம்மாமிலோ கோபரிலோ இன்னொரு கடை ஏறலாம், இல்லை ஆன்லைனில் தேடலாம். என் ஓட்டு நடுவில் இருக்கும் 9060 எக்ஸ்.டி.க்கு. 160 வாட்தான், அடக்கமான சூடு. 8 ஜி.பி. கார்டு இன்றைக்கு ஓடும், ஆனால் புது கேம்கள் இப்போதே அதைத் திணறடிக்கின்றன. 575 வாட் இழுக்கும் 5090 பற்றிக் கேட்பவர்களிடம், ரூமுக்கு இன்னொரு ஏசி போட ஓனர் சம்மதிப்பாரா என்று கேட்பேன்.

ரேம் மட்டும் இப்போது யாருடைய கணக்குக்கும் அடங்கவில்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போக, 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறியது. நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே விட்டு வெளியேறுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. டி.டி.ஆர்5-6000, 16 ஜி.பி.யை ஒன்றிரண்டு ஸ்டிக்காக ஆரம்பித்துவிட்டு, விலை இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம்.

ரியாத்தில் 2024-ல் 6 கோடி டாலருக்கு மேல் பரிசோடு ஈஸ்போர்ட்ஸ் உலகக்கோப்பை நடந்ததிலிருந்து தம்பிகளின் லிஸ்ட் நீண்டுகொண்டே போகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். கடல் தாண்டினால் பஹ்ரைன், அங்கே சர்வர் வைத்திருக்கும் கேம்களில் பிங் அருமை. 12 மணி நேர டியூட்டி முடிந்து வருகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

ஆனால் எந்தப் பார்ட் வாங்கினாலும் ஃபைனல் எக்ஸிட்டை, அதாவது ஒரேயடியாக ஊர் திரும்பும் நாளை, மனதில் வைத்து வாங்க வேண்டும். லேப்டாப் ஒன்றை வரியில்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம். டெஸ்க்டாப்புக்கு அந்தத் தனிச் சலுகை இல்லை. பில்லையெல்லாம் பத்திரமாக வைக்கவும். வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்கவும், பல கார்டு கம்பெனிகளுக்கு ஏரியா வாரியாகத்தான் வாரண்டி. 127 வோல்ட் யு.பி.எஸ்ஸை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அங்கே அது வெறும் எடைக்கல். புறப்படும்போது கார்டையும் டவர் கூலரையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே லக்கேஜில் போட்டால் அந்த எடை மதர்போர்டை உடைத்துவிடும். கார்டு கைப்பையில், மற்றவை துணிகளுக்கு நடுவே. கேபினெட்டை அடுத்து வருகிற தம்பிக்குக் கொடுத்துவிடலாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை மணி நேரத்தில் வேறொன்று கிடைக்கும்.