வளரும் பிஞ்சுப் பாதங்களுக்கு ஏற்ற காலணி

சென்ற மழைக்காலத்தில், ஜமுனாமரத்தூரை அடுத்த மலைக்கிராமம் ஒன்றிலிருந்து 20 மாத ஆண் குழந்தையைத் தாயும் பாட்டியும் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வந்தனர். நடக்கும்போது அடிக்கடி விழுகிறான், உள்ளங்காலில் வளைவே இல்லை என்பது அவர்களின் கவலை. நகரத்துக் காலணிக் கடை ஒன்றில் குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்றும், அதைச் சரிசெய்யும் விலை உயர்ந்த ஷூ வாங்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்கள். அதற்குப் பணம் புரட்டுவதற்கு முன்னர் மருத்துவரிடம் கேட்டுவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

குழந்தை அணிந்திருந்த ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். பாதத்தைவிட அது மூன்று செ.மீ. நீளமாக இருந்தது. முன்பக்கத்தில் துணி அடைக்கப்பட்டிருந்தது. "வளர்ற புள்ளைங்க, அளவா வாங்கினா நாலு மாசத்துல பத்தாம போயிடும்" என்றார் பாட்டி. வெறுங்காலுடன் நடக்கவிட்டபோது அவன் தாழ்வாரத்தின் மறுகோடி வரை விழாமல் நடந்தான். ஆனால் அவனுடைய இடது உள்ளங்காலில் முள் குத்திச் சீழ் பிடித்த புண் ஒன்று இருந்தது. ஷூ பெரிதாக இருந்ததால் வெளியூர் செல்லும்போது மட்டுமே அதை மாட்டியிருக்கிறார்கள். முள்ளும் கல்லும் நிறைந்த வீட்டுப் புறத்தில் அவன் வெறுங்காலுடன்தான் திரிந்திருக்கிறான்.

இக்குழந்தைக்குத் தேவைப்பட்டது விலை உயர்ந்த ஷூ இல்லை. வெளியே இறங்கும்போதெல்லாம் அணியக்கூடிய, அளவான, மலிவான ஒரு காலணியே. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பெற்றோர் அனைவரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பிஞ்சுப் பாதம் வளரும் விதம்

ஒரு வயது முதல் இரண்டு வயது வரையில் குழந்தையின் பாதம் மாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நீளுகிறது. மூன்று வயதை நெருங்கும்போது இவ்வேகம் மாதத்திற்கு ஒரு மி.மீ. அளவுக்குக் குறைகிறது. கடைகளில் வழங்கும் பிரிட்டிஷ் அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள நீள வேறுபாடு சுமார் எட்டரை மி.மீ. ஆகவே இரண்டாவது வயதில் மட்டும் குழந்தை இரண்டு எண்களைக் கடந்துவிடுகிறது.

இந்த வயதில் பாதத்தின் பெரும்பகுதி இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பாகவே இருக்கிறது. அதன்மேல் கொழுப்புப் படலம் மெத்தைபோல் அமைந்திருக்கிறது. காலணி இறுக்கமாக இருந்தால் பெரியவர்களுக்கு உடனே வலிக்கும். குழந்தையின் பாதமோ வளைந்து கொடுத்து, காலணியின் வடிவத்திற்குள் அடங்கிக்கொள்கிறது. எனவே காலணி சிறுத்துவிட்டதைக் குழந்தை அழுது தெரிவிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

மிகப் பெரிய காலணியும் தீங்கானதே. பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்குகிறது. காலணி கழன்று விடாமலிருக்கக் குழந்தை விரல்களை மடக்கிப் பிடித்தபடி நடக்கிறது. காலணியின் நுனி தரையில் தட்டுவதால் தடுக்கி விழுகிறது.

தட்டைப் பாதம் குறித்த அச்சம்

நடக்கத் தொடங்கும் குழந்தைகளின் பாதம் பெரும்பாலும் தட்டையாகவே தோன்றும். உள்ளங்காலின் கொழுப்புப் படலம் வளைவை மறைப்பதும், தசைநார்கள் தளர்வாக இருப்பதும் இதற்குக் காரணங்கள். குழந்தை நடந்து, ஓடி, ஏறி, குதித்து விளையாட விளையாட, ஆறு வயதை ஒட்டி வளைவு படிப்படியாகத் தெளிவாகிறது. குழந்தை நுனிவிரலில் எம்பி நிற்கும்போது உள்ளங்காலில் வளைவு தோன்றுமானால் அச்சம் வேண்டியதில்லை.

தட்டைப் பாதத்தைச் சரிசெய்யும் என்று விற்கப்படும் ஷூக்கள் பயன் தருமா? அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தட்டைப் பாதமுள்ள சிறு குழந்தைகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து, சிலருக்குத் திருத்தக் காலணிகளும் உட்செருகல்களும் கொடுத்தனர். ஒரு பிரிவினருக்கு எந்தச் சிகிச்சையும் அளிக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் எல்லாப் பிரிவினருக்கும் வளைவு ஒரேவிதமாக மேம்பட்டிருந்தது. திருத்தக் காலணி எந்தக் கூடுதல் நன்மையையும் தரவில்லை.

நம் நாட்டில் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகியோர் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளை ஆராய்ந்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை முழுவதும் மூடும் ஷூ அணிந்தவர்களிடம் இது மிகுதியாகவும், சாண்டல், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. வெறுங்காலில் நடப்பது பாத வளைவைக் கெடுக்கும் என்ற எண்ணத்திற்கு இதில் இடமில்லை.

எங்கே வெறுங்கால், எங்கே காலணி?

வீட்டிற்குள்ளும், பெருக்கிச் சுத்தமாக வைத்துள்ள திண்ணையிலும் குழந்தை வெறுங்காலுடன் நடக்கட்டும். தரையைத் தொட்டு உணர்ந்து நடப்பதால் பாதத் தசைகள் வலுப்பெறுகின்றன. உடலைச் சமநிலைப்படுத்தும் திறனும் வளர்கிறது.

வாசலைத் தாண்டியவுடன் காலணி தேவை. முள், உடைந்த கண்ணாடி, வெயிலில் காய்ந்த பாறை ஆகியவை மட்டும் இதற்குக் காரணங்களல்ல. மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் நுண்புழுக்கள் வாழ்கின்றன. அவை பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இதனால் குழந்தைக்கு இரத்தசோகை ஏற்பட்டு, வளர்ச்சி குன்றுகிறது. காலணி இந்த வாய்ப்பைக் குறைக்கிறது. அத்துடன், தேசிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தின்கீழ் 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து கொடுப்பார்கள். அங்கன்வாடியில் இதனைத் தவறாமல் பெறுங்கள்.

முள்ளோ ஆணியோ குத்தினால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். சுண்ணாம்பு, சாணம் போன்றவற்றைப் பூச வேண்டாம். 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசி, ரணஜன்னியிலிருந்தும் பாதுகாக்கிறது. அது போடப்பட்டுள்ளதா என்று தடுப்பூசி அட்டையில் பாருங்கள். போடவில்லையெனில் கிராம சுகாதார செவிலியரை அணுகுங்கள்.

காலணியை வீட்டிற்கு வெளியே வைப்பவர்கள், அணிவிக்கும் முன்னர் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டி உதற வேண்டும். தேளும் பூரானும் உள்ளே பதுங்கியிருக்கக்கூடும். சிறு குழந்தையைத் தேள் கொட்டினால் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டிலேயே அளவெடுக்கும் முறை

போளூருக்கோ, ஆலங்காயத்திற்கோ, திருப்பத்தூருக்கோ இறங்கும்போது குழந்தையை உடன் அழைத்துச் செல்ல எல்லோராலும் இயலுவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கீழ்க்காணும் முறையில் அளவை எடுத்துச் செல்லலாம்.

1. மாலையில் அளவெடுங்கள். நாள் முழுதும் நடந்தபின் பாதம் சற்று விரிந்திருக்கும்.

2. சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொடுமாறு குழந்தையை நிற்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் எடுக்கும் அளவு குறைவாக வரும்.

3. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள். மிக நீளமான விரலின் நுனியைக் குறியிடுங்கள். சில குழந்தைகளுக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும்.

4. இரண்டு பாதங்களையும் அளந்து, நீளமானதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

5. அந்நீளத்துடன் 12 மி.மீ. சேருங்கள். இது பெரியவர் ஒருவரின் சுண்டுவிரல் அகலம் இருக்கும். இம்மொத்த நீளத்திற்கு ஓர் அட்டைப் பட்டையை விரல் அகலத்தில் வெட்டுங்கள். பாதத்தைச் சுற்றி வரைந்த வடிவத்தையும் தனியே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் இப்பட்டையைக் காலணிக்குள் செலுத்துங்கள். அது வளையாமல், மடங்காமல் படிந்து கிடக்க வேண்டும். பட்டைக்கு முன்னால் ஒரு செ.மீ. அளவுக்கு இடம் எஞ்சினால் அக்காலணி பெரியது. அடுத்து, பாத வடிவத்தைக் காலணியின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். வடிவம் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அக்காலணி அகலம் போதாதது.

அகலத்தைப் பார்ப்பது நம்மவர்க்கு மிகவும் இன்றியமையாதது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கிலும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கரைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரியவந்தது. இதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென ஓர் அளவு முறையும் பரிந்துரைக்கப்பட்டது. நம் மலையடிவாரத்தை அடுத்துப் பாலாற்றுப் பகுதியிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சாலைகளிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் ஷூக்கள் அந்நாட்டவரின் பாத அளவுக்கே தைக்கப்படுகின்றன. அத்தகைய ஷூ எவ்வளவு தரமானதாக இருந்தாலும் நம் குழந்தையின் பாதத்திற்குக் குறுகலாக அமையலாம். காலணியில் அச்சிட்ட எண்ணும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடுகிறது. எண்ணைவிட உங்கள் கையிலுள்ள அட்டையையே நம்புங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

அடிப்பகுதி: கையால் மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் முன்பகுதியில் எளிதாக வளைய வேண்டும். வழுவழுப்பாக இல்லாமல், வரிகளுடன் இருக்க வேண்டும். குதி உயர்த்தப்பட்ட காலணி வேண்டாம்.

பிடிமானம்: ஒட்டுப்பட்டையோ, வாரோ, கயிறோ பாதத்தின் மேற்புறத்தையும் குதிகாலையும் பிடித்திருக்க வேண்டும். வெறுமனே நுழைத்துக்கொள்ளும் ரப்பர் செருப்பு, நடை பழகும் குழந்தைக்குப் பொருந்தாது.

உட்புறம்: விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தடித்த தையலோ, ஆணி முனையோ தட்டுப்பட்டால் தவிர்த்துவிடுங்கள்.

எடை: கையில் எடுத்தால் இலேசாக இருக்க வேண்டும்.

விளக்கு எரியும் ஷூக்களைக் குழந்தைகள் விரும்புவார்கள். அவற்றில் பொத்தான் போன்ற சிறு பேட்டரி இருக்கும். அடிப்பகுதி பிளந்துவிட்டால் உடனே அப்புறப்படுத்துங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகிவிடும். அது உயிருக்கே ஆபத்தானது.

செலவைக் குறைக்கும் வழி

ஒரு வயதுக் குழந்தைக்கு அளவான காலணி நான்கு மாதங்கள் அளவிலும், மூன்று வயதை நெருங்கும் குழந்தைக்கு ஆறு மாதங்கள் அளவிலும் பயன்படும். அதற்குள் தேய்ந்து போகாத எந்த மலிவான காலணியும் போதுமானது. ஒரே விலை உயர்ந்த ஷூவை ஓராண்டுக்கு இழுப்பதைவிட, மலிவான காலணியை அளவு பார்த்து மாற்றுவதே பாதத்திற்கும் பணத்திற்கும் நல்லது. அரசுப் பள்ளிகளில் சேர்ந்தபின் விலையில்லாக் காலணி கிடைக்கும். அதற்கு முந்தைய இச்சில ஆண்டுகளின் செலவைத்தான் நாம் திட்டமிட வேண்டும்.

அண்ணன், அக்காள் அணிந்த காலணியைத் தம்பி, தங்கைக்குத் தரலாமா? அடிப்பகுதி ஒருபுறமாகத் தேயாமலும், உள்ளே விரல் பதிந்த பள்ளம் இல்லாமலும் இருந்தால் கழுவி வெயிலில் உலர்த்தித் தரலாம். சேற்றுப்புண்ணோ வேறு தோல் நோயோ உள்ளவர் அணிந்ததைத் தர வேண்டாம்.

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பாதத்தை அளந்து, அதே தாளில் தேதியுடன் குறித்து வாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் அரை செ.மீ.க்கும் குறைவான இடமே எஞ்சியிருந்தால் காலணியை மாற்ற வேண்டும். மார்கழிக் குளிருக்கு அணிவிக்கும் காலுறைகளும் சிறுத்துவிடும். அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைகள்

- 18 மாதங்கள் முடிந்தும் குழந்தை நடக்காதிருத்தல்
- ஒரு காலைச் சாய்த்தோ இழுத்தோ நடத்தல், ஒரு கால் குட்டையாகத் தோன்றுதல்
- எப்போதும் நுனிவிரலிலேயே நடத்தல்
- நுனிவிரலில் நிற்கும்போதும் வளைவு தோன்றாத, விறைப்பான பாதம்
- பாதத்தில் வலி, வீக்கம், ஆறாத புண்
- உள்ளங்கை வெளிறுதல், சோர்வு

பிறவி வளைபாதத்திற்கு மாவுக்கட்டுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உறங்கும்போது அணியுமாறு கொடுக்கப்பட்ட இணைப்புக் கம்பியுடன் கூடிய காலணியை, மருத்துவர் சொல்லும் வரை, பொதுவாக நான்கு அல்லது ஐந்து வயது வரை, நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பாதம் மீண்டும் வளைந்துவிடக்கூடும். அந்தக் காலணி சிறுத்துவிட்டால் கடையில் வேறு வாங்காமல் எங்களிடம் வாருங்கள்.

தொடக்கத்தில் கூறிய குழந்தையின் புண்ணைச் சுத்தம் செய்து மருந்திட்டோம். விடுபட்டிருந்த ஊக்கத் தடுப்பூசியும் போடப்பட்டது. பழைய மருந்துப் பெட்டி ஒன்றைக் கிழித்து அவனுடைய பாத அளவுக்குப் பட்டை வெட்டிப் பாட்டியிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் புண்ணைக் காட்ட வந்தபோது, சந்தையில் வாங்கிய வார் வைத்த சாண்டல் ஒன்றை அவன் அணிந்திருந்தான். பட்டையைப் பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அதைச் சாண்டலில் வைத்து எனக்கு அளந்தும் காட்டினார். சரியாக இருந்தது.