வானத்தில் ஒரு வாராக் கடன்!

கம்பத்தில் என் மாமாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் முதலில் காதில் விழுவது பாட்டுதான். பந்தல் கம்பியில் ஒரு ரேடியோ தொங்கும். கோடை பண்பலை, 100.5. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வருகிற பாட்டு. பழம் இனிப்பதே அதனால்தான் என்பது மாமாவின் கட்சி!

"ஏப்பா, நம்ம ரேடியோவுல விழாத பாட்டெல்லாம் எங்க போகும்?" என்றார் ஒருநாள்.

நான் பி.காம். ஆச்சே! "ஆகாசத்துக்குத்தான் மாமா. கணக்குல சொன்னா, வாராக் கடன்."

அந்தக் கடனையும் வசூல் பண்ண ஆள் இருக்கிறது, சார். மேற்கு ஆஸ்திரேலியாவில், மர்ச்சிசன் என்ற பொட்டல் காட்டில், எட்டுக்கால் பூச்சி மாதிரி ஆன்டெனாக்கள் ஆயிரக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே ரேடியோ தொலைநோக்கி. அதை உருவாக்கியதில் நம் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு.

அந்நாட்டு எஃப்.எம். நிலையங்களின் அலைகள் மேலே போய், சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் முட்டித் திரும்பியதை இது பிடித்துவிட்டது. 2013-ல் கட்டுரையே எழுதிவிட்டார்கள். எஃப்.எம். அலைவரிசையில் பார்த்தால் ஒரு புள்ளி பளிச்சென்று ஓடுகிறது. அலைவரிசையை மாற்றினால்... ஆளைக் காணோம்! ரேடார் என்றால் அலையை நாமே அனுப்ப வேண்டும். இங்கே கரண்ட் பில் பாட்டுப் போடுகிறவருடையது. 1,000 கி.மீ. உயரத்தில் ஒரு மீட்டர் அகலப் பொருள்கூடத் தப்பாது என்பது அவர்கள் கணக்கு.

"செத்த சாட்டிலைட்டைத் தேடி என்னப்பா ஆகப்போகுது?"

ஆகும். அங்கே வேகம் மணிக்கு சுமார் 27,000 கி.மீ. ஒரு நட்டு வந்து இடித்தாலே துப்பாக்கிக் குண்டுதான். 2009 பிப்ரவரியில், செத்துப்போன ரஷ்ய செயற்கைக்கோள் ஒன்று, வேலை பார்த்துக்கொண்டிருந்த இரிடியம் செயற்கைக்கோள்மேல் மோதியது. சுமார் 790 கி.மீ. உயரத்தில். சிதறியதில் கணக்கில் வந்த துண்டுகளே 2,000-க்கு மேல். நம் பயிர்பச்சையைப் படம் பிடிக்க இஸ்ரோ அனுப்பிய ரிசோர்ஸ்சாட் சுற்றுவதும் அதற்குக் கொஞ்சம் மேலேதான், சுமார் 817 கி.மீ.!

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்ம தோட்டத்துலயும் ஒண்ணு வச்சிருவமா?"

"பக்கத்துலயே கொடைக்கானல் பாடிக்கிட்டிருக்கு மாமா. அதுக்குக் காது அடைச்சிரும். மேல இருந்து வர்ற எதிரொலி ரொம்ப மெலிசு. அதுக்குத்தான் ஆளில்லாப் பொட்டலைத் தேடிப் போயிருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வால்யூமைக் கூட்டினா சாட்டிலைட்டுக்கு நல்லா எட்டுமா?"

"இங்க கூட்டினா எட்டாது மாமா. கொடைக்கானல்ல கூட்டணும்!"