சரித்திர நாவல் வாசிப்பு: கொங்கு நாட்டுப் புதிய வாசகருக்கு ஓர் அறிமுகம்

சரித்திர நாவல் என்பது முற்காலத்தில் வாழ்ந்த அரசர்களையும் நடந்த போர்களையும் பின்புலமாகக் கொண்டு, அவற்றோடு காதல், வீரம், சூழ்ச்சி ஆகியவற்றைக் கற்பனையால் இழைத்து எழுதப்படும் நெடுங்கதை ஆகும். விமர்சகர்களில் சிலர் இதை வரலாற்று மிகுபுனைவு என்றும் அழைப்பர். தமிழில் இவ்வகையின் முதல் நாவலாகக் கருதப்படுவது, திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதி 1895-இல் சென்னையில் வெளியான 'மோகனாங்கி'. நாயக்கர் காலத்துக் காதல் கதை அது. ஆங்கிலத்தில் வால்டர் ஸ்காட்டும் பிரெஞ்சில் அலெக்சாந்தர் டூமாவும் வகுத்த பாதை இது. அதைத் தமிழ் வீடுகளின் திண்ணை வரை கொண்டுவந்தவர் கல்கி. அவருக்குப் பின் அகிலன், நா. பார்த்தசாரதி, ஜெகசிற்பியன், விக்கிரமன், சாண்டில்யன் எனப் பலர் எழுதினர்.

2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் இரு பாகங்களாக வந்தபின், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதி மாணவர்களில் பலர் முதன்முறையாக ஒரு சரித்திர நாவலைக் கையில் எடுத்தனர். ஐந்து பாகம் என்றதும் மலைத்தவர்கள் உண்டு. முதல் பாகத்தின் நடுவிலேயே மூடி வைத்தவர்களும் உண்டு. அது வாசகரின் குறை அல்ல. நூல் எந்த முறையில் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வாரம் ஒரு அத்தியாயம்

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. வாசகர் ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஏழு நாள் காத்திருந்தார். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு நிழல் அசையும், ஒரு கதவு திறக்கும், ஒரு குரல் கேட்கும். போன வாரம் நடந்ததை மறந்துவிட்டவருக்காக ஆசிரியர் முன்கதையை நினைவூட்டுவார். பக்கங்களைக் கிழித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு சேர்த்துத் தைத்து, வீட்டிலேயே புத்தகமாக்கி வைத்த குடும்பங்கள் அன்று ஏராளம்.

இதை ஒரே இரவில் பதினைந்து அத்தியாயம் என்று விழுங்கினால், நினைவூட்டல்கள் இழுவையாகவும் திருப்பங்கள் சலிப்பாகவும் தோன்றும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று அத்தியாயம் போதும். பேருந்தில் கல்லூரிக்குப் போய்வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

அடுத்த தடை பெயர்கள். ஒரே ஆள் அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர் என்றெல்லாம் அழைக்கப்படுவார், பிற்காலத்தில் இராஜராஜன் ஆவார். பழுவேட்டரையர்கள் இருவர். குந்தவையே இளைய பிராட்டி. நூலின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு குடும்ப மரம் வரைந்துகொள்வது நல்லது (நூலகப் புத்தகமாக இருந்தால் தனித்தாளில்). ஒற்றன், நிலவறை, இலச்சினை, பல்லக்கு போன்ற சொற்கள் ஐம்பது பக்கத்துக்குள் பழகிவிடும்.

பேச்சுநடையும் புதியவரைத் திகைக்க வைக்கும். படகோட்டியும் பேரரசனும் ஏறத்தாழ ஒரே இலக்கணத் தமிழில் பேசுவார்கள். இதற்கு முற்றிலும் எதிரான முறையை அறிய, ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நாவலைப் புரட்டிப் பார்க்கலாம். கொங்கு உழவர் பேசும் மொழியே அதில் ஒலிக்கிறது. அது நடப்பை உள்ளபடி காட்டும் நாவல். சரித்திர நாவலின் மொழியோ மேடை நாடகத்துக்கு நெருங்கியது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியாகாது.

கல்வெட்டும் கற்பனையும்

தேர்வுத் தாளில் நந்தினியைப் பற்றி வரலாற்று விடையாக எழுதும் அபாயம் இங்குதான் இருக்கிறது. சரித்திர நாவலில் மூன்று வகையான செய்திகள் கலந்திருக்கும்: சான்று உள்ளவை, சான்று உண்டு ஆனால் பொருள் உறுதிப்படாதவை, ஆசிரியர் படைத்தவை. கல்கி இவற்றைப் பிசிறு தெரியாமல் பின்னுகிறார் என்பதே அவருடைய திறமை. புதிய வாசகர் வழுக்கி விழுவதும் அந்தத் திறமையால்தான்.

வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளலாம். குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குறிக்கிறது. உறுதியாகச் சொல்லத்தக்கது அவ்வளவே. அவனுடைய துடுக்கு, பசி, குதிரை, பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் வழக்கம் எல்லாம் கல்கியின் கொடை. பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், நந்தினி ஆகியோர் முழுக்கக் கற்பனைப் பாத்திரங்கள்.

ஆதித்த கரிகாலனின் கொலை வேறு வகை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கொலையில் ஈடுபட்ட சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களும், அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிக்கப்பட்ட செய்தியும் அதில் காணப்படுகின்றன. ஏன் கொன்றார்கள், யாருடைய தூண்டுதல் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு வாய்மூடும் அந்த இடத்தில்தான் நாவலாசிரியர் வாய்திறக்கிறார். அவர் தரும் விடையை இங்கே சொல்லிவிடுவது, இன்னும் வாசிக்காதவருக்குச் செய்யும் துரோகம்.

எனவே ஒரு காட்சி மனத்தைப் பிடித்தால், முதலில் கதையாகவே அதில் திளைக்கலாம். பாகம் முடிந்தபின் வரலாற்று நூலைத் திறந்து ஒப்பிட்டால் போதும். வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டே போனால் நாவலும் கிடைக்காது, வரலாறும் கிடைக்காது.

காதலும் வருணனையும்

சாண்டில்யனின் நாவல்கள் குமுதம் இதழில் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றவை. மூன்று பாகங்கள் கொண்ட 'கடல் புறா'வில் கடற்போர், மரக்கலங்களின் அமைப்பு, காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து வகுக்கும் வியூகம் ஆகியவை விறுவிறுப்பானவை. ஆனால் கதாநாயகியின் உடலழகை வருணிக்கத் தொடங்கினால் அவர் எளிதில் நிறுத்தமாட்டார். இளம் வாசகர் இதைக் கண்டு கூச்சப்படுவதும் உண்டு, இதற்காகவே தேடிப் படிப்பதும் உண்டு. அப்பக்கங்களைத் தாண்டிச் சென்றாலும் கதை அறுந்துவிடாது. கல்கியின் குந்தவையும் நந்தினியும் அரசியலை நகர்த்துகிறவர்கள். சாண்டில்யனின் நாயகியரும் அறிவுள்ளவர்களாகவே சொல்லப்படுகிறார்கள், ஆயினும் பல இடங்களில் வருணனை அந்த அறிவை மறைத்துவிடுகிறது.

கொங்கு நாடு எங்கே?

இந்நாவல்களில் பெரும்பாலானவை தஞ்சை, காஞ்சி, புகார், மதுரை என்றே சுற்றுகின்றன. கோவை வாசகருக்கு இது அயலார் கதை போலத் தோன்றுவது இயல்பு. உண்மையில் தொடர்பு அறுந்துபோகவில்லை. 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் ஆடிப் பதினெட்டுக்கு நீராடும் மக்கள் முன் ஓடும் அதே காவிரியின் நீர்தான் கொள்ளிடம் வழியாக அந்த ஏரியைச் சேர்கிறது. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே மலையோரத்தில் இராசகேசரிப் பெருவழி பற்றிய கல்வெட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற பாதை அது. இராசகேசரி என்பது சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்களுள் ஒன்று. கல்கியே 1920-களின் இறுதியில் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு இருந்து, மதுவிலக்கு இதழான 'விமோசன'த்தில் பணியாற்றியவர்.

சாண்டில்யனின் 'யவன ராணி' கரிகாலன் காலத்துப் புகாரில் நிகழ்வது. அதை வாசிப்பவர் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலையும் நினைத்துக்கொள்ளலாம். அங்கே நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிலின் தடயங்களும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. யவனர் இங்கு வணிகம் செய்ததற்கு இவை சான்று. யவன அரசி ஒருத்தி புகார்க் கடற்கரையில் ஒதுங்கியது கற்பனை.

கொங்கு மண்ணுக்கே உரிய கதையும் ஒன்று நாவலாகியிருக்கிறது. உடுக்கடிப் பாட்டாகப் பாடப்பட்டுவரும் அண்ணன்மார் கதையை மு. கருணாநிதி 'பொன்னர் - சங்கர்' என்ற பெயரில் எழுதினார். 2011-இல் அது திரைப்படமாகவும் வந்தது. இதே கதையை 1965-இல் காங்கயம் வட்டாரத்தில் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தவர் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக். அவருடைய பதிப்பு 1992-இல் வெளியானது. பாட்டையும் நாவலையும் ஒப்பிடும் வாய்ப்பு இதனால் வாசகருக்குக் கிடைக்கிறது. வீட்டில் அப்பாருவுக்குப் பாட்டு தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இக்கதையில் எச்சரிக்கையும் கூடுதலாக வேண்டும். பொன்னர், சங்கரைத் தெய்வமாக வணங்குவோரும், எதிர்த்தரப்பைத் தம் முன்னோராகக் கருதுவோரும் இன்று பக்கத்துப் பக்கத்து ஊரில் வாழ்கிறார்கள். நாவலில் வரும் வில்லனை வகுப்பறையில் ஒரு மாணவனின் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

முதல் நூல்

தொடக்கத்துக்கு 'பொன்னியின் செல்வ'னை விட 'பார்த்திபன் கனவு' ஏற்றது. 1941-இல் கல்கி இதழில் தொடங்கிய இந்நாவல் ஒரே நூலாக அடங்குவது. பாத்திரங்கள் குறைவு. பல்லவர்க்குக் கப்பம் கட்ட மறுத்து மாண்ட சோழ மன்னனின் மகன் விக்கிரமனுக்கும் பல்லவ இளவரசி குந்தவிக்கும் இடையிலான காதலே கதை. யார் என்று தெரியாத சிவனடியார் ஒருவரும் வருவார். அவர் யார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து 'சிவகாமியின் சபதம்', பின்பு 'பொன்னியின் செல்வன்', அதன்பின் இராசேந்திர சோழனைப் பற்றிய அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' (1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) என்று போகலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மலிவுப் பதிப்புகள் பல உள்ளன, மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் வாசிக்கலாம்.