பாவூர்சத்திரம் சந்தை: மனக்கணக்கு எதுவரை?

‘ஓணத்துக்கு விலை ஏறும்’ என்று கணக்குப் போட்டுத்தான் தென்காசி வட்டாரத்தில் பலரும் காய்கறி நடுகிறார்கள். தப்பில்லை, பாவூர்சத்திரம் சந்தைக் காய் புளியரை வழியாகக் கேரளா போகிறது. ஆனால், எல்லோரும் அதே நாளைக் குறிவைத்தால் வரத்து குவிந்துவிடுமே! மனக்கணக்குக்குப் பிடிபடாதது இதுதான்.

எவ்வளவு நடுவது என்பதற்கு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விலை முன்னறிவிப்பையும், அக்மார்க்நெட் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் வரத்து, விலையையும் பாருங்கள். முன்னறிவிப்பில் வரும் விலை தரமான காய்க்கு. உங்கள் காய்க்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை நேரத்தில் கதை வேறு. குற்றாலத்தில் சாரல் வலுத்தால் நனைந்த தக்காளி லாரிப் பயணம் தாங்காது. அதை எந்த அட்டவணையும் சொல்லாது. காலையில் வானத்தைப் பார்த்து, கமிஷன் கடைக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் பறிக்க இறங்குங்கள்.