கழுத்துக் கட்டியை அகற்றுமுன் சோதியுங்கள்: தலை, கழுத்துச் சார்கோமா பற்றிய விளக்கம்

காவிரிப் படுகையில் வாய்ப்புற்றுநோயை அறியாதவர் குறைவு. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் அதற்கு முதன்மைக் காரணம் என்பதையும் பலர் அறிவர். ஆனால், புகையிலையைத் தொட்டே அறியாதவருக்கும் பள்ளி செல்லும் குழந்தைக்கும்கூடத் தலை, கழுத்துப் பகுதியில் வேறொரு புற்றுநோய் வரக்கூடும். அதுவே சார்கோமா.

சார்கோமா என்பது யாது?

வாய்ப்புற்று வாயின் உட்பரப்பில் தொடங்குகிறது. சார்கோமாவோ தசை, எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, இரத்தக்குழாய் போன்ற திசுக்களில் தோன்றுகிறது. பெரியவர்களின் தலை, கழுத்துப் புற்றுகளில் இது ஏறத்தாழ 100-இல் ஒன்றே. குழந்தைகளிடம் தசையில் உண்டாகும் ராப்டோமயோசார்கோமாவும், பெரியவர்களிடம் தாடையெலும்பில் உண்டாகும் ஆஸ்டியோசார்கோமாவும் குறிப்பிடத்தக்கவை. பெரும்பாலோருக்குக் காரணம் புலப்படுவதில்லை. ஆதலால் பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டா. இது தொற்றுநோயும் அன்று.

எவற்றை ஐயப்பட வேண்டும்?

வலியின்றி வளரும் கட்டி, காரணமின்றி ஆடும் பல், பல் பிடுங்கிய பின் ஆறாத புண், ஒரு பக்க மூக்கடைப்பு அல்லது இரத்தக்கசிவு, முகத்தில் மரமரப்பு, குழந்தையின் ஒரு கண் மட்டும் பிதுங்குதல் ஆகியவை கவனத்திற்குரியவை. கண் பிதுங்கினால் உடனே வருக. பிற அறிகுறிகள் 3 வாரம் கடந்தும் நீடித்தால் காத்திராதீர்.

முதல் சோதனையே முக்கியம்

“சிறிய கட்டிதானே” என்று முதலில் அகற்றிவிட்டுப் பின்னர் சோதனைக்கு அனுப்புவது தீங்கானது. சார்கோமா உறையிட்ட கட்டிபோல் தோன்றினாலும், அதன் அணுக்கள் உறைக்கு அப்பாலும் ஊடுருவியிருக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் அவை எஞ்சி நிற்கும். அடுத்த அறுவை பெரிதாகும். ஆதலால் முதலில் ஸ்கேன், பின்னர் ஊசி வழியே திசுச் சோதனை என்பதே முறை. முறையாகச் செய்யும் திசுச் சோதனையால் நோய் பரவும் என்று அஞ்ச வேண்டா. இந்நோய் பெரும்பாலும் இரத்த வழியாக நுரையீரலை அடைவதால் மார்புக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம்.

சிகிச்சை

பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சையே அடிப்படை. கட்டியைச் சுற்றி நலமான திசுவையும் சேர்த்து அகற்ற வேண்டும். கண், மூளை, பெருநாளங்கள் அருகிலிருப்பதால் முகத்திலும் கழுத்திலும் அதற்கு இடம் குறைவு. எனவே பலருக்குக் கதிர்வீச்சும், சிலருக்குக் கீமோதெரபியும் தேவைப்படுகின்றன. அகற்றிய தாடையைக் காலெலும்பு கொண்டு சீரமைக்க இயலும். குழந்தைகளின் ராப்டோமயோசார்கோமாவுக்குக் கீமோதெரபியே முதன்மை. பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சும் உண்டு.

பலன்

கூட்டுச் சிகிச்சை வருமுன் ராப்டோமயோசார்கோமா கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று, பரவாத நிலையில் முழுச் சிகிச்சை பெறுவோரில் 100-க்கு ஏறத்தாழ 70 பேர் நலமடைகின்றனர்; கண்குழியில் தோன்றினால் 90 பேர்வரை. பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகள் கடந்து வாழ்கின்றனர். கட்டியின் வகை, வீரியம், அளவு, முழுமையாக அகற்றப்பட்டதா என்பவற்றைப் பொறுத்து இது மாறும். பாதியில் நின்ற சிகிச்சைக்கு இக்கணக்குகள் பொருந்தா.

குடும்பத்தார் கவனத்திற்கு

“அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும்” என்று தள்ளிப்போடும் வாரங்களில் கட்டி காத்திருப்பதில்லை. வேளாங்கண்ணியிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், 1954-இல் தொடங்கப்பெற்ற சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றை நாடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பின் தவறாது கொண்டு செல்க. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக.

முன்பே கட்டி அகற்றப்பட்டிருந்தால் அந்த அறிக்கை, திசுக்கட்டை, கண்ணாடித் தகடுகள் அனைத்தையும் எடுத்து வருக. சிகிச்சை முடிந்த பின்னும் முதல் 2 ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் திரும்பினால் விரைவில் கண்டறிய அதுவே வழி.