தில்லி வீட்டில் பிளம் மரம்

கொடைக்கானலிலும் குன்னூரிலும் விளையும் பிளம், தில்லியின் வெயிலில் காய்க்குமா என நம்மவர் பலர் ஐயுறுவதுண்டு. காய்க்கும், வகையறிந்து நடவேண்டும்.

பிளம் இலையுதிர்க்கும் மரம். பனிக்காலக் குளிரில் போதிய அளவு உறங்கினால்தான் அதன் மொட்டுகள் செவ்வனே விழிக்கும். மலைநாட்டுச் 'சாந்தா ரோசா' வேண்டும் குளிர் தில்லியில் கிட்டாது. பஞ்சாப் சமவெளியில் பயிராகும் 'சட்லஜ் பர்ப்பிள்', 'காலா அமிர்தசரி' ஆகிய வகைகளுக்குச் சிறிது குளிரே போதும்.

நாற்றுப் பண்ணையில் ஒட்டுக்கன்றையே கேட்டு வாங்குக. விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொள்வதில்லை, காய்க்கவும் நாளாகும். கன்று இலையுதிர்ந்து உறங்கும் ஜனவரி முற்பகுதியே நடுவதற்கு ஏற்றது. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மரத்துக்கு மரம் சுமார் 20 அடி இடைவெளி நன்று. மழைக்காலத்தில் வேரடியில் நீர் தேங்கலாகாது.

முக்கியமானது ஒன்றுண்டு. சட்லஜ் பர்ப்பிள் தன் மகரந்தத்தால் காய்க்காது. அருகே காலா அமிர்தசரி பூத்தால்தான் காய் பிடிக்கும். இதை அறியாது ஒரே மரத்தை நட்டவர், ஆண்டுதோறும் பூவைக் கண்டு கனியைக் காணாமல் ஏமாறுவர். தோட்டம் சிறிதாயின் அண்டை வீட்டாருடன் பேசி, ஆளுக்கொரு வகை நடலாம். தேனீக்கு மதில் தடையன்று.

பிப்ரவரியில் பூத்து மே மாதத்தில் பழுக்கும். முதற்கனிக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் மாற்றல் வந்துவிடுமே என்று உத்தியோகஸ்தர் தயங்க வேண்டா. அடுத்துக் குடிவருவோரின் குழந்தைகளேனும் உண்ணட்டுமே!