காலையில கண்ணு வீங்குதா? குழந்தைகளோட கிட்னி பத்தி ஒரு எபிசோட்

கிட்னி பிரச்சினைன்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது சுகர், பிரஷர், வயசானவங்க. ஆனா குழந்தைகளுக்கும் வரும். அதுல டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற ஒண்ணு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். பெரும்பாலும் ஆறு வயசுக்குள்ள ஆரம்பிக்கும்.

உள்ள என்ன நடக்குது?

ஒவ்வொரு கிட்னியிலயும் சுமார் 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கு. கழிவு வெளியே போகணும், புரோட்டீன் ரத்தத்துலயே நிக்கணும். இந்த நோய்ல புரோட்டீன் சிறுநீர்ல கசிஞ்சுடும். ரத்தத்துல அது குறைஞ்சதும், தண்ணி ரத்தக்குழாயை விட்டு உடம்புக்குள்ள இறங்கித் தேங்கும்.

முதல்ல தெரியறது முகத்துல. காலையில எந்திரிக்கும்போது கண்ணைச் சுத்தி வீக்கம், சாயங்காலம் வடிஞ்சிடும். அதனால வீட்டுல பூச்சிக்கடி, அலர்ஜின்னு விட்டுடுவாங்க. அப்புறம் காலும் வயிறும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். ஒரு சாதாரண யூரின் டெஸ்ட் போதும், விஷயம் தெரிஞ்சிடும்.

மருந்தை யார் நிறுத்தணும்?

முதல் மருந்து பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு. முதல் தடவை வழக்கமா 12 வாரம்: ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், குறைஞ்ச அளவுல. பத்துல எட்டு குழந்தைகளுக்கு இது கேட்கும்.

சிக்கலே அங்கதான். சில வாரத்துல வீக்கம் போயிடும், "சரியாயிடுச்சே"ன்னு மாத்திரையை நிறுத்திடுவாங்க. ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்துறது ஆபத்து. டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது. இந்தக் குழந்தைகளுக்குத் தொற்று சீக்கிரம் பிடிக்கும். காய்ச்சலோட வயித்துவலி வந்தா உடனே ஆஸ்பத்திரி.

இந்த நோய் பல குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். அதனால தினமும் காலையில வீட்டுலயே ஸ்ட்ரிப் வெச்சு சிறுநீர்ல புரோட்டீன் பார்த்து ஒரு நோட்டுல எழுதணும். நம்ம பாஷையில சொன்னா, லாக். தொடர்ந்து மூணு நாள் 3+ வந்தா நோய் திரும்பிடுச்சுன்னு அர்த்தம். வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிடலாம். சளி, காய்ச்சல்தான் பல நேரம் இதைத் தூண்டிவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் இருக்கவங்க சாரல் சீசன்ல பிள்ளைக்குச் சளி பிடிச்சா அந்த நோட்டை மட்டும் மறக்காதீங்க.

மாத்திரை கேட்கலைன்னா?

கிட்னியில இருந்து ஒரு துளி சதை எடுத்து பயாப்சி பார்ப்பாங்க, வேற மருந்து கொடுப்பாங்க. சில குழந்தைகளுக்கு கிட்னி மெல்ல மெல்லச் செயலிழந்து டயாலிசிஸ் வரைக்கும் போகும்.

"பக்கத்து டயாலிசிஸ் சென்டர்லயே பண்ணிக்கலாமே?"ன்னு கேட்கலாம். கணக்குப் போடுங்க. 10 கிலோ குழந்தை உடம்புல மொத்த ரத்தமே சுமார் 800 மில்லி. அதுல பத்துல ஒரு பங்குக்கு மேல ஒரே நேரத்துல வெளியே மெஷின்ல ஓடக்கூடாது. அதாவது 80 மில்லி. பெரியவங்களுக்கான குழாயும் ஃபில்டரும் அதைவிட ரொம்ப அதிகமா ரத்தம் பிடிக்கும். சின்ன ஃபில்டர், சின்னக் குழாய், பழகின நர்ஸ் எல்லாம் வேணும். இல்லைன்னா வயித்துக்குள்ள திரவம் விட்டு எடுக்கிற பெரிட்டோனியல் டயாலிசிஸ். கத்துக்கிட்டா வீட்டுலயே பண்ணலாம்.

தென்காசியில இருந்து எங்க போறது?

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர்லதான். முதல்ல அங்க அரசு தலைமை மருத்துவமனையில குழந்தை டாக்டர். அடுத்தது சுமார் 55 கிலோமீட்டர்ல திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகளுக்கான தனி கிட்னி பிரிவு வேணும்னா சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மாதிரி இடம். செங்கோட்டையில கிளம்பி தென்காசி வழியா போற பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரிப் பயணம். ஆனா ஒவ்வொரு தடவையும் அப்பா அம்மாவுக்குக் கூலி போகும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைச் செலவு கிடைக்கும். போன கூலி அதுல திரும்பி வராது.

அதனாலதான் சீக்கிரம் கண்டுபிடிக்கிறதும், அந்த நோட்டும் முக்கியம். வீட்டுல அக்கா பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ காலையில கண்ணு வீங்கி எந்திரிச்சா, "யூரின் டெஸ்ட் எடுத்தாச்சா?"ன்னு மட்டும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!